எந்த ஆரஞ்சு?

மூன்றாம் ஆண்டு மாணவி, அச்சுத் தொழில்நுட்பம்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத்தில் கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். கவிதைக்கு நம் கல்லூரியில் ஆள் பஞ்சமே இல்லை. ஆகவே எனக்கு 3,400 ரூபாய் செலவில் கிடைத்த ஒரு பாடத்தை எழுதுகிறேன். அந்த 3,400 ரூபாய் என்னுடையது அல்ல என்பதுதான் இதில் வேதனை.

எனக்கு ஊர் திருநின்றவூர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பவுடர் கோட்டிங் பட்டறையில் வேலை செய்கிறார். அம்மா எங்கள் தெருப் பெண்களோடு சேர்ந்து மகளிர் சுய உதவிக் குழுவில் ஊறுகாய், தொக்கு போடுகிறார். "உங்க பொண்ணு என்ன படிக்குது?" என்று யாராவது கேட்டால் அம்மா "பிரிண்டிங்" என்பார். "அதுக்குக் கூடவா ஒரு படிப்பு?" என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டு வருடம் அந்தக் கேள்விக்கு அம்மாவிடம் பதில் இல்லை. போன வருடம் மாங்காய்த் தொக்கு பாட்டிலுக்கு லேபிள் அடிக்கவேண்டும் என்று குழுவில் பேச்சு வந்ததும், "எம் பொண்ணே போட்டுத் தருவா" என்று சொல்லிவிட்டார்.

நானும் விட்டேனா! நம் துறை லேபில் இருக்கிற பான்டோன் பார்முலா கைடை விசிறி மாதிரி விரித்து, அரைமணி நேரம் பார்த்து, தொக்கின் எண்ணெய் மினுக்குக்குத் தோதாக ஒரு ஆரஞ்சைப் பிடித்தேன். அதன் பெயர் ஆரஞ்சு 021 சி. கம்ப்யூட்டரிலும் அதையே போட்டேன். திரையில் பார்த்தால் கண் கூசுகிற அழகு. பைலை எடுத்துக்கொண்டு ஒரு அச்சகத்தில் கொடுத்து, 2,000 லேபிள் அடிக்கச் சொன்னோம். குழுப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்ட பணம் 3,400 ரூபாய்.

வந்தது ஆரஞ்சு இல்லை. செங்கல் தூள்.

பாட்டிலில் ஒட்டி அம்மா கடைக்குக் கொண்டுபோனபோது ஒருவர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது போன வருஷத்துத் தொக்கா?" என்று கேட்டாராம். அம்மா வீட்டுக்கு வந்து என்னைத் திட்டவில்லை. குழுவிலும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "படிச்ச புள்ளை போட்டது, சரியாத்தான் இருக்கும்" என்று ஒரு அக்கா சொன்னதுதான் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

சண்டை போடுகிற உத்தேசத்தோடுதான் அச்சகத்துக்குப் போனேன். அந்த அண்ணன் நிதானமாகச் சொன்னார்: "ஏம்மா, நீ எழுதினது ஸ்பாட் கலர் நம்பர். நீ குடுத்த காசு நாலு கலருக்கு. அந்த நம்பர் புக்கு எங்கிட்ட கிடையவே கிடையாது. கம்ப்யூட்டர் அதை எப்படி மாத்திச்சோ அப்படித்தான் வந்திருக்கு. பேப்பரும் மேப்லித்தோ. வேற எப்படி வரும்?"

கேட்டுக்கொண்டு வெளியே வந்து, மாலை ரயிலில் ஆவடி தாண்டும்வரை அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம் படித்ததில் ஸ்பாட் கலர் என்ன, நாலு கலர் என்ன என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் கலர் கைடு என்பது அழகான நிறத்தைத் தேடி எடுக்கிற புத்தகம் என்றுதான் நினைத்திருந்தேன். அது அப்படியில்லை. அது அளவுப் படி மாதிரி. நான் "இரண்டு ஆழாக்கு அரிசி" என்று கேட்டால், கடைக்காரரிடமும் அதே ஆழாக்கு இருக்கவேண்டும். அவரிடம் வேறு ஆழாக்கு இருந்தால், என் ஆழாக்கு வெள்ளியில் செய்ததாக இருந்தாலும் பிரயோசனம் இல்லை.

எங்கள் ஊரில் இருதயாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. பூசலார் நாயனார் கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே அஸ்திவாரம் போட்டு, சுவர் எழுப்பி, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தார் என்பது கதை. காஞ்சியில் கல்லால் கோயில் கட்டி முடித்த பல்லவ ராஜாவுக்கு, அன்றைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போகவேண்டும் என்று சிவன் கனவில் வந்து சொன்னாராம். மனசுக்குள் இருப்பதைப் பார்க்க சிவனால் முடியும். ஆப்செட் மெஷின் ஓட்டுகிற அண்ணனால் முடியாதே!

பெயர் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். நம் ஊரில் நிறத்துக்குப் பெயருக்கா குறை? கிளிப்பச்சை, மயில் கழுத்து, அரக்கு, வெங்காயச் சருகு, மாம்பழ மஞ்சள் என்று புடவைக் கடையில் அடுக்கிக்கொண்டே போவார்கள். எம்.எஸ். ப்ளூ என்று ஒரு நீலம் உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவுக்காகக் காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் நெய்து கொடுத்த புடவையின் நீலம் அது. இந்தக் கட்டுரைக்காக நான் மூன்று கடையில் எம்.எஸ். ப்ளூ கேட்டுப் பார்த்தேன். மூன்று கடையிலும் இருக்கிறது. மூன்றும் வேறு வேறு நீலம்! மூன்று பேருமே இதுதான் அசல் என்று அடித்துச் சொன்னார்கள். பெயர் அழகாக இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கப் பொதுவான துண்டு ஒன்று யாரிடமும் இல்லை.

அமெரிக்காவில் அச்சுத் தொழிலுக்கும் ஒரு காலத்தில் இதே தொல்லைதான். இங்க் கம்பெனி ஒவ்வொன்றும் தன் தன் சிவப்பு, தன் தன் நீலம் வைத்திருந்தது. பான்டோன் என்ற கம்பெனியில் வேலை பார்த்த லாரன்ஸ் ஹெர்பர்ட் 1962-இல் அந்தக் கம்பெனியையே வாங்கினார். அடுத்த வருடம், 1963-இல், பான்டோன் மேட்சிங் சிஸ்டம் வந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண். அந்த எண்ணுக்குக் கீழே, எந்த அடிப்படை இங்க் எத்தனை பங்கு கலக்கவேண்டும் என்ற சமையல் குறிப்பு. பார்முலா கைடு என்ற பெயரே அதனால்தான். அதாவது, இங்க்கைத் தனியாகக் கலக்கி, அதற்கென்று ஒரு பிளேட் போட்டு, ஒரு யூனிட்டை ஒதுக்கி ஓட்டுகிறவர்களுக்கான புத்தகம் அது. அதுதான் ஸ்பாட் கலர்.

நான் கொடுத்ததோ நாலு கலர் வேலை. சியான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு இங்க்கின் சின்னச் சின்னப் புள்ளிகள்தான் எல்லா நிறத்தையும் கட்டவேண்டும். அதிலும் நம்மைப் போன்ற சின்ன ஆர்டர்களைத் தனியாக ஓட்டமாட்டார்கள். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, லேபிள் எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் அடுக்கி ஓட்டுவார்கள். அதில் என் ஒருத்திக்காகத் தனி ஆரஞ்சு கலப்பது நடக்கிற காரியமா? ஆரஞ்சு 021 என்பதோ நாலு கலரில் எட்டவே எட்டாத நிறங்களில் ஒன்று. அது கலந்து செய்த நிறம்கூட இல்லை. பான்டோனின் அடிப்படை இங்க்குகளில் ஒன்று. அந்த விசிறியிலேயே நாலு கலரால் தொடமுடியாத ஒன்றைத் தேடிப் பிடித்திருக்கிறேன், என் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள்!

எண்ணுக்குப் பின்னால் வருகிற எழுத்தையும் நான் கவனிக்கவில்லை. சி என்றால் பூச்சு உள்ள ஆர்ட் பேப்பர். யு என்றால் பூச்சில்லாத பேப்பர், நம் மேப்லித்தோ மாதிரி. ஒரே இங்க்தான், ஒரே எண்தான்; ஆனால் இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிகூட இருக்காது, ஒன்றுவிட்ட சித்தப்பா பிள்ளை மாதிரி இருக்கும். பூச்சில்லாத பேப்பர் இங்க்கை உறிஞ்சிக்கொள்கிறது, புள்ளியும் பரவுகிறது. பிளேட்டில் 50 சதவீதம் என்று போட்ட புள்ளி, மேப்லித்தோவில் 70-ஐ நெருங்கிவிடும். தெளிவு போய், அழுக்குப் படிந்த மாதிரி ஆகிறது.

நான் எடுத்திருக்க வேண்டியது கலர் பிரிட்ஜ் என்ற இன்னொரு விசிறி. அதில் ஸ்பாட் கலர் ஒரு கட்டத்திலும், அதை நாலு கலரில் அடித்தால் கிடைக்கிற நெருங்கிய நிறம் பக்கத்துக் கட்டத்திலும் இருக்கும். ஆரஞ்சு 021-ஐ அதில் ஒரு தடவை பார்த்திருந்தால் 3,400 ரூபாய் மிச்சம். நாலு கலர் வேலை மட்டுமே செய்பவர்களுக்கு சி.எம்.ஒய்.கே. கைடு என்றும் ஒன்று உண்டு.

திரையை நம்பியதைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, காகிதம் மேலே விழுகிற வெளிச்சத்தில் கொஞ்சம் விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பித் தருகிறது. இரண்டும் ஒன்றாகாது. இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2022-இல் போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் போன்ற அடோப் மென்பொருள்களிலிருந்து பான்டோன் நிறத் தொகுப்புகளில் பெரும்பாலானவை எடுக்கப்பட்டுவிட்டன. வேண்டுமானால் பான்டோனுக்குத் தனியாகச் சந்தா கட்டவேண்டும். சந்தா இல்லாமல் பழைய பைலைத் திறந்தவர்களில் பலருக்கு நிறம் இருந்த இடமெல்லாம் கறுப்பாக வந்தது. கையில் இருக்கிற காகித விசிறி யாருக்கும் சந்தா கேட்காது என்பதை அப்போது பலர் உணர்ந்திருப்பார்கள்.

இனி அப்பா கதைக்கு வருகிறேன்.

லேபிள் விஷயம் வீட்டில் பேசாமல் பேசப்பட்டுக்கொண்டிருந்த ஒரு நாள், அப்பா ஷிப்ட் முடிந்து வரும்போது சட்டைப் பையில் உள்ளங்கை அளவு ஒரு தகடு கொண்டுவந்தார். பளபளவென்று ஆரஞ்சு. "பாப்பா, உனக்கு ஆரஞ்சுதானே வேணும்? இந்தா, ரால் ரெண்டாயிரத்து நாலு. இந்த நம்பரை அந்த பிரஸ்காரருகிட்ட சொல்லு. எங்க பட்டறையில எந்த ஊர்ல இருந்து ஆர்டர் வந்தாலும் இந்த நம்பர்தான். தப்பவே தப்பாது."

அப்பா ஐந்தாவது வரை படித்தவர். ரால் எண்கள் அவருக்கு மனப்பாடம். அன்றைக்கு ராத்திரி அவர் எனக்கு எடுத்த கிளாஸ் மாதிரி யாரும் எடுத்ததில்லை. நான்கு இலக்க எண்ணில் முதல் இலக்கம்தான் குடும்பம். 1 என்றால் மஞ்சள், 2 ஆரஞ்சு, 3 சிவப்பு, 4 ஊதா, 5 நீலம், 6 பச்சை, 7 சாம்பல், 8 பழுப்பு, 9 வெள்ளையும் கறுப்பும். மின்சாரப் பேனல் பெட்டிக்கு வருவது பெரும்பாலும் 7032 அல்லது 7035. "ரெண்டும் சாம்பல்தானேன்னு நெனைச்சு மாத்தி அடிச்சிட்டா போச்சு. முப்பத்திரெண்டுல கொஞ்சம் மஞ்சள் ஓடும். முப்பத்தஞ்சு வெளுப்பு. தனியா பார்த்தா தெரியாது. பழைய பேனல் பக்கத்துல புதுசைக் கொண்டுபோய் நிறுத்தினதும் காட்டிக் குடுத்துடும்." அடுப்பில் கூடுதலாகக் கொஞ்ச நேரம் நின்றால் வெள்ளை மஞ்சளடித்துவிடும் என்பதும், ஒரே எண்ணை மினுக்கிலும் மேட்டிலும் அடித்தால் இரண்டு நிறமாகத் தெரியும் என்பதும் அப்பா சொன்னதுதான். எலெக்ட்ரிகல் நண்பர்கள் நாளைக்கு பேனலுக்கு ஆர்டர் எழுதும்போது எண்ணோடு நிறுத்தாமல் மினுக்கா, மேட்டா, சொரசொரப்பா என்றும் எழுதுங்கள். எங்கள் அப்பா மாதிரி யாராவது உங்களை வாழ்த்துவார்கள்.

பிறகு புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். ரால் 1927-இல் ஜெர்மனியில் 40 நிறங்களோடு ஆரம்பித்தது. இப்போது ரால் கிளாசிக் தொகுப்பில் இருநூற்றுக்கு மேல். பட்டறைகளில் கையில் வைத்திருக்கிற விசிறிக்கு கே7 என்று பெயர். அது மினுக்கு நிறங்களைக் காட்டுவது. மேட் நிறத்துக்கு வேறு தொகுப்பு உண்டு. ஏழு இலக்க எண் வந்தால் அது ரால் டிசைன் என்ற இன்னொரு குடும்பம். இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

அப்பாவின் தகட்டை எடுத்துக்கொண்டு, அவர் மனசு கோணக்கூடாதே என்று, மறுபடியும் அச்சகத்துக்குப் போனேன். அந்த அண்ணன் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சூப்பர் கலரும்மா. ஆனா இந்தப் புக்கும் எங்கிட்ட இல்லையே" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அவர் பட்டறையில் ஒரு தடவை ஒரு கஸ்டமர் பான்டோன் எண் அனுப்பி, அது என்னவென்று புரியாமல் எல்லோரும் முழித்து, கடைசியில் கிட்டத்தட்ட ஒரு ரால் நிறத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கிய கதையைச் சொன்னார். "அவன் புக்கு அவனுக்கு, எம் புக்கு எனக்கு. நடுவுல ஒரு துண்டு வேணும் பாப்பா, ரெண்டு பேரும் தொட்டுப் பார்க்கறதுக்கு."

எந்தக் கைடு சரியான கைடு என்று என்னைக் கேட்டால், செய்து தருகிறவர் கையில் எது இருக்கிறதோ அதுதான். நமக்குப் பிடித்தது எது என்பது அதற்கு அப்புறம்.

சிவில், மெக்கானிகல் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அரசு டெண்டர் எடுத்தால் அதில் பான்டோனும் வராது, பல சமயம் ராலும் வராது. ஐ.எஸ். 5 என்று இந்தியத் தரம் ஒன்று இருக்கிறது. பெயின்ட், எனாமல் நிறங்களுக்கானது. மூன்று இலக்க எண். 537 சிக்னல் சிவப்பு, 538 தபால் ஆபீஸ் சிவப்பு, 631 வெளிர் சாம்பல். இரண்டு சிவப்பும் ஒன்றுதானே என்று நினைத்தால் எங்கள் அப்பாவிடம் அனுப்பி வையுங்கள். தொழிற்சாலைகளில் குழாய்களுக்கு அடிக்கிற நிறத்துக்கு ஐ.எஸ். 2379 என்று தனித் தரம். தண்ணீர்க் குழாய் கடல் பச்சை, காற்றுக் குழாய் வான நீலம், அமிலம் போகிற குழாய் கரு ஊதா. இங்கே நிறம் அழகுக்கு இல்லை. குழாயைத் திறக்கப் போகிறவனுக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்று சொல்வதற்கு. அமிலக் குழாயைக் கண்ணால் பார்த்து ஏதோ ஒரு ஊதா என்று அடித்துவிட்டு வரமுடியுமா?

நமது தேசியக் கொடிக்கும் இப்படித்தான். இந்தியத் தர நிறுவனம் போட்ட தரங்களில் ஐ.எஸ். 1, அதாவது முதல் எண்ணே, கொடிக்கு உரியது. 1951-இல் வந்து, 1964-இலும் 1968-இலும் திருத்தப்பட்டது. அதில் காவி என்று பெயர் மட்டும் சொல்லி விட்டுவிடவில்லை. அளக்கிற கருவியில் எந்த எண் காட்டவேண்டும், எவ்வளவு பிரகாசம் இருக்கவேண்டும் என்றே எழுதியிருக்கிறது. கருவி அளந்த எண்ணுக்கு புத்தகமே தேவையில்லை, எந்த ஊரிலும் சரிபார்க்கலாம். ஆனால் அந்தக் கருவி வாங்குகிற நிலையில் நாம் யாரும் இல்லை என்பதால் மேலே போகிறேன்.

வீட்டுச் சுவர் பெயின்ட் கம்பெனிகளின் ஷேடு கார்டு எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு கம்பெனியின் எண் இன்னொரு கம்பெனிக்குச் செல்லாது. கார்டில் உள்ள சின்னக் கட்டத்தைப் பார்த்து நாலு சுவரையும் அடிக்காமல், ஒரு லிட்டர் வாங்கி ஒரு மூலையில் அடித்து, காய்ந்த பிறகு பார்ப்பது நல்லது. துணிக்கு, திருப்பூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள், பான்டோனிலேயே டி.சி.எக்ஸ். என்று முடிகிற எண்ணைக் கேட்பார்கள். அது காகிதத்தில் இல்லை, சாயம் ஏற்றிய பருத்தித் துணியில். வெளிநாட்டு பயர் எண் அனுப்ப, சாயப்பட்டறை சின்னத் துண்டுக்குச் சாயம் ஏற்றி அனுப்பி, அவர் சரி என்ற பிறகுதான் மொத்தமும் சாயத் தொட்டிக்குப் போகும்.

கைடு சரியாக இருந்தாலும் பார்க்கிற முறை தப்பாக இருந்தால் வீண். இதை எனக்குக் கற்றுக் கொடுத்தது தாத்தா.

தாத்தா எங்கள் பக்கத்தில் கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்து நெல் போடுகிறவர். அவரிடம் ஒரு பிளாஸ்டிக் பட்டை இருந்தது. சின்ன வயதில் நான் அதை ஸ்கேல் என்று நினைத்து எடுத்து அடி வாங்கியிருக்கிறேன். வெளிர் பச்சையிலிருந்து கரும் பச்சை வரை வரிசையாகக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அது இலை வண்ண அட்டை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பியது. நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பரிந்துரைக்கிறது. பயிரின் பச்சை எந்தக் கட்டத்தோடு சேர்கிறது என்று பார்த்து யூரியா போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்பது கணக்கு. பத்து இலை பார்த்து, ஆறு அல்லது அதற்கு மேல் அந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் உரம் கேட்கிறது என்று அர்த்தம்.

அதைத் தாத்தா பார்க்கிற ஒழுங்கைப் பார்க்கவேண்டும். காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள்தான் வயலில் இறங்குவார். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, தன் நிழல் இலை மேலும் அட்டை மேலும் விழும்படி வைத்துக்கொள்வார். இலையைக் கிள்ளமாட்டார்; செடியில் இருக்கிறபடியே, நடுப்பகுதியை அட்டை மேல் வைத்துப் பார்ப்பார். வாரா வாரம் அவரேதான் பார்க்கவேண்டும். ஒரு தடவை மாமா பார்க்கிறேன் என்றதற்கு, "உங்கண்ணு வேற, எங்கண்ணு வேற" என்று துரத்திவிட்டார். ஒரே வெளிச்சம், ஒரே கண், ஒரே நேரம். பிற்பாடு நம் லேபில், அச்சைச் சரிபார்க்க 5,000 கெல்வின் வெளிச்சம், பெயின்டுக்கும் துணிக்கும் பெரும்பாலும் 6,500 கெல்வின் என்று படித்தபோது, எனக்குத் தாத்தாவின் முதுகுதான் ஞாபகம் வந்தது.

டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு நிறம் வெயிலில் வேறாகத் தெரியும். மெட்டாமெரிசம் என்று சார் போர்டில் எழுதிப் போட்டபோது வாயில் நுழையவில்லை. ஆனால் அம்மா புடவையும் ஜாக்கெட் துணியும் எடுக்கும்போது, "கொஞ்சம் வெளிய எடுத்துட்டுப் போய் பார்க்கட்டுமா?" என்று கடைக்காரரிடம் கேட்டு வாசலுக்கு வருவாரே, அதுதான் இது.

அந்த விசிறியும் சாகாவரம் பெற்றதல்ல. கைவியர்வை, வெளிச்சம், பக்கங்கள் உரசுவது எல்லாம் சேர்ந்து நிறம் போகும். ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாம், அப்பாவின் ஒரு மாதச் சம்பளம் கிட்டத்தட்ட அதற்கே போய்விடும். அதனால் நம்மால் முடிந்தது, மேஜை மேல் விரித்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாமல் இருப்பது.

சரி, தொக்கு லேபிள் என்னாயிற்று?

மூன்றாவது தடவை அச்சகத்துக்குப் போனபோது நான் எந்த எண்ணும் கொண்டுபோகவில்லை. "அண்ணா, உங்ககிட்ட என்ன சார்ட் இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். அவர் மெஷினுக்குப் பின்னால் போய், இங்க் விரல் ரேகை படிந்த ஒரு ஷீட்டை எடுத்து வந்தார். எப்போதோ அவரே ஓட்டி வைத்த சார்ட். ஒரு பக்கம் மஜந்தா 0, 10, 20 என்று 100 வரை. இன்னொரு பக்கம் மஞ்சள் அதே மாதிரி. பதினொன்றுக்குப் பதினொன்று, 121 கட்டம். அவர் மெஷின், அவர் இங்க், அவர் ஓட்டுகிற பேப்பர். இரண்டு புத்தகத்தில் தேடி அலைந்தது இந்த ஒரு ஷீட்டில் இருந்தது.

வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துவந்து, கையோடு கொண்டுபோயிருந்த தொக்கு பாட்டிலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மஜந்தா 60, மஞ்சள் 100. திரையில் பார்த்த கண் கூசுகிற ஆரஞ்சு இல்லை. ஆனால் பாட்டிலுக்குள் இருந்த எண்ணெயின் நிறம் அதுதான். மேப்லித்தோவுக்குப் பதில் பூச்சுள்ள ஸ்டிக்கர் பேப்பர் போட்டால் லேபிளுக்குச் சில பைசா கூடும் என்றார். போட்டோம். இந்தத் தடவை 500 மட்டும், முதலில் ஒரு ஷீட் ஓட்டிக் காட்டி, நான் அதன் ஓரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு. பணம், என் ஸ்காலர்ஷிப்பிலிருந்து.

பழைய லேபிளை என்ன செய்தீர்கள் என்று கேட்காதீர்கள். அம்மா ஒன்றைக்கூட எறியவில்லை. பின்பக்கத்தில் மளிகைக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்; இன்னும் இரண்டு வருடத்துக்கு வரும் போலிருக்கிறது.

புது லேபிளை ஒட்டிய முதல் பாட்டிலைக் குழுவில் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். "அதுக்குக் கூடவா படிப்பு?" என்று முன்பு கேட்டவரும் அதில் இருந்தார். அம்மா அவர் கையில் அச்சகத்து சார்ட்டின் நகலையும் கொடுத்து, எந்தக் கட்டம் என்று விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

அந்த அண்ணனிடம் கேட்டு, நானும் என் வகுப்புத் தோழிகள் இருவரும் அதே மாதிரி மூன்று சார்ட் ஓட்டி வாங்கியிருக்கிறோம். மஜந்தா-மஞ்சள், சியான்-மஞ்சள், சியான்-மஜந்தா. ஆர்ட் பேப்பரில் ஒரு செட், மேப்லித்தோவில் ஒரு செட். வேறு வேலை ஓடும்போது ஷீட்டில் மிஞ்சிய இடத்தில் அடித்ததால் காசு வாங்கவில்லை. இரண்டு செட்டும் நம் துறை லேபில், ஜன்னலுக்கு எதிர்ப்பக்க பீரோவின் இரண்டாவது இழுப்பறையில், பழுப்புக் கவரில் இருக்கின்றன. எந்தத் துறை மாணவரும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். அவை ஆவடிப் பக்கத்து ஒரு மெஷினின் சார்ட் என்பதைக் கவரின் மேலேயே எழுதியிருக்கிறேன். நீங்கள் வேறு அச்சகத்துக்குப் போனால் அங்கே உள்ளதைக் கேளுங்கள். பார்த்து முடித்ததும் கவருக்குள் வைத்துவிடுங்கள். ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள்.